பந்தலைப் பிரித்தது யார்?

அத்தியாயம் 4

"மேடம், அந்த பூதக்கண்ணாடிய உள்ள வைங்க. சர்வர் ரூமுல அதுக்கு வேலை இல்ல," என்றான் நூர் முகமது.

வசந்தகுமாரி கண்ணாடியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். துப்பறிகிறவள் கையில் ஒரு கருவியாவது இருக்க வேண்டாமா என்று சுல்தான் பஜாரில் பேரம் பேசி வாங்கியது. இதுநாள் வரை அதை வைத்து அவள் கண்டுபிடித்தது, மாத்திரை அட்டையில் பொடி எழுத்தில் இருந்த காலாவதித் தேதி ஒன்றைத்தான்.

போலாரத்தில் ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட்டில் இயங்கும் வசந்தா டிடெக்டிவ் ஏஜென்ஸியின் பலகையில், 'ஓய்வு பெற்ற பாதுகாப்பு அதிகாரி' என்று பெரிதாக எழுதியிருக்கும். பலகையில் எழுதாததையும் சொல்லிவிடுவது நல்லது. பாலாநகரில் விமானக் கருவி செய்யும் தொழிற்சாலையில், பெண்கள் கேட்டில் நின்று டிபன் கேரியர்களைத் திறந்து பார்த்தவள் அவள். சாயங்காலமானால் ஷெட் ஷெட்டாகப் போய், யாருமில்லாமல் ஓடும் மின்விசிறிகளை அணைத்து, அந்தந்த மேஜையில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுவாள். சர்வீஸில் அவள் துலக்கிய ஒரே குற்றம் கேன்டீன் கரண்டித் திருட்டு. அதிலும் திருடியவன் மனசு கேட்காமல் தானே வந்து ஒப்புக்கொண்டான்.

நூர் முகமது மேலப்பாளையத்துக்காரன். ஐ.டி. கம்பெனியில் வேலை போனதும், அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் என்று அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். மூன்று ரம்ஜான் போய்விட்டது. வேலையும் வரவில்லை, அவன் வாயும் ஓயவில்லை.

"இன்னொரு தடவை சொல்லிடுப்பா. லிஃப்ட்ல ஏறும்போது புரிஞ்ச மாதிரி இருந்தது, இறங்கும்போது போயிடுச்சு."

"ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதான் சர்வர். அதுக்குள்ள ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா ஒரு டப்பா. அத கன்டெய்னர்னு சொல்லுதாவ. ஃபங்ஷன் ஹால் புக்கிங் எல்லாம் இருந்த டப்பாவுக்கு இவங்க வச்ச பேரு பந்தல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. திங்கக்கிழமை காலைல காணல."

"யாரு அழிச்சிருப்பாங்க?"

"அதுக்குத்தான ஒங்களக் கூப்புட்டுருக்காவ. கீபோர்டுல ஒரு வரி தட்டுனாப் போதும். அந்த வரில ஆர், எம்னு ரெண்டு எழுத்து வரும். அந்த ரெண்டு எழுத்த யாரு தட்டுனாவன்னு பாத்துட்டா கேஸு முடிஞ்சிது."

"ஸ்டாப்னு வேற ஒண்ணு சொன்னியே?"

"அது வேற மேடம். பந்தல்ல லைட்ட அணைக்கது ஸ்டாப்பு. பந்தலையே பிரிச்சு லாரில ஏத்துதது ஆர்எம். அணைச்சத மறுபடி போட்டுக்கிடலாம். பிரிச்சா போச்சு, உள்ள இருந்ததும் போச்சு."

"ஹவ்," என்றாள் வசந்தகுமாரி. புரிந்தது என்பதற்கும் புரியவில்லை என்பதற்கும் போலாரத்தில் அவள் அந்த ஒரே உருது 'ஆமாம்'-ஐத்தான் பல வருஷமாக வைத்துச் சமாளித்து வருகிறாள்.

கொண்டாப்பூரில், கீழே சலூனும் மேலே யோகா வகுப்புமாக இருந்த கட்டடத்தின் நடு மாடியில் கிருஷ்ணபிரசாத்தின் கம்பெனி இருந்தது. ஊரிலுள்ள ஃபங்ஷன் ஹால்களுக்குப் புக்கிங் மென்பொருள் செய்து தருகிற சின்ன கம்பெனி. அவருடைய அக்கா மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையை விசாரித்துக் கொடுத்தவள் வசந்தகுமாரிதான். பையன் யோக்கியன் என்று எழுதிக் கொடுத்தாள். யோக்கியனாகவும் இருந்து தொலைத்ததால் அவள் மேல் அவருக்கு அபார நம்பிக்கை வந்துவிட்டது.

வேலூரில் படித்த தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார்.

"மேடம், நான் யாரையும் குற்றவாளின்னு சொல்லலே. ஆனா அந்தப் பொண்ணுதான். அதே கதா, அப்படித்தானே," என்றார்.

அந்தப் பொண்ணு சாருலதா. வியாழக்கிழமை ராஜினாமா கொடுத்தாள். வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை முழுக்க மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்திருந்ததால், வெள்ளிக்கிழமை கடைசியாகக் கிளம்புகிறவர் சர்வரை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கடைசியாகக் கிளம்பியவள் அவள்தான். திங்கட்கிழமை சர்வரைப் போட்டபோது மற்ற டப்பாக்கள் எல்லாம் எழுந்து நின்றன. பந்தல் மட்டும் இல்லை. அன்றையிலிருந்து, முகூர்த்த நாளுக்கு ஹால் பிடித்த பெண் வீட்டார் எல்லாம் மேனேஜர்களைப் பிடித்து உலுக்க, மேனேஜர்கள் இவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவ தட்டின வரி எல்லாம் மிஷின்ல இருக்கு. ஸ்டாப் இருக்கு. ஆர்எம் இல்லே. ஸ்டாப் பண்ணா டப்பா அழியாது. ஆனா அழிஞ்சிருக்கு. அப்போ ஆர்எம் போட்டுட்டு, அந்த வரியை மட்டும் துடைச்சிட்டா. தடயமே இல்லே பாருங்க, அதான் தடயம்."

அந்தக் கணக்குப்படி தன்னையும் பிடித்து உள்ளே போடலாம், தன்மேலும் தடயம் எதுவும் இல்லை என்று வசந்தகுமாரி நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை. கட்சிக்காரரிடம் வாதாடினால் அடுத்த மாப்பிள்ளை விசாரணை வேறு ஏஜென்ஸிக்குப் போய்விடும்.

"நாலு மணிக்கு வக்கீல் வரார். சைபர் போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறோம். அதுக்குள்ள அவ ஒத்துக்கிட்டா கம்ப்ளெயின்ட் இல்லாமலே முடிச்சிடலாம். லேடீஸ்கிட்ட லேடீஸ் பேசினா சொல்லுவாங்க."

காபி வந்தது. பெரிய கறுப்புக் கோப்பை, அதில் பொடிப் பொடியாய் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி. கிருஷ்ணபிரசாத்தின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

"எங்க கம்பெனி பிறந்த வரி மேடம் இது. முதல் ஃபங்ஷன் ஹாலுக்கு டெமோ காட்ட நானே என் கையால தட்டினது. அன்னிக்கு ஓட ஆரம்பிச்சது பந்தல், போன வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு நிமிஷம் நின்னதில்லே. ஆண்டு விழாவுக்கு எல்லாருக்கும் கப்புல அச்சடிச்சுக் குடுத்தேன்."

"ரொம்ப அழகா இருக்கு," என்றாள் வசந்தகுமாரி. காபியும் நன்றாக இருந்தது.

சாருலதா ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, முகம் கழுவி, இனி அழுவதில்லை என்று முடிவெடுத்த முகம். புது கம்பெனிக்காரர்கள் இவளைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்புவார்கள். அந்த மாதிரி விசாரணைக்குப் போகிறவள்தானே வசந்தகுமாரியும். போலீஸ் கம்ப்ளெயின்ட் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால், தானே என்ன எழுதிக் கொடுப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் நிறுத்தத்தான் செஞ்சேன் ஆன்ட்டி. அழிக்கலை. எத்தனை தடவை சொல்றது."

"கரென்ட் போகப்போறது. மெயின் ஸ்விட்சைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாமே? எதுக்கு உட்கார்ந்து ஒவ்வொண்ணா நிறுத்தினே?"

"அப்படித்தான் எங்க வீட்ல பழக்கம். எல்லா ஸ்விட்சையும் ஒவ்வொண்ணா அணைச்சிட்டு அப்புறம்தான் மெயின். அப்பா பாலாநகர்ல வேலை பார்த்தார். ஒருநாள் ஃபேனை அணைக்காம வந்துட்டார்னு யாரோ செக்யூரிட்டிக்காரம்மா அவர் டேபிள்ல சிவப்புச் சீட்டு ஒட்டிட்டாங்களாம். மானம் போச்சுன்னு அந்தச் சீட்டை எடுத்துட்டு வந்து வீட்டு ஸ்விட்ச் போர்டு மேல ஒட்டினார். இன்னும் இருக்கு."

நூர் முகமது மெதுவாகத் தலையைத் திருப்பி வசந்தகுமாரியைப் பார்த்தான்.

"அப்பா பேரு?" என்றாள் வசந்தகுமாரி.

"தமிழ்ச்செல்வன்."

ஞாபகம் இருந்தது. கருவிப் பிரிவு, ஜன்னலோர மேஜை. சீட்டை ஒட்டும்போது ரொம்பப் பெருமையாகவே ஒட்டியிருந்தாள்.

வெளியே வந்ததும் நூர் சொன்னான். "மேடம், கேஸு ஒங்க வீட்டுப் பக்கமால்லா போகுது. மொதல்ல ஒங்களத்தான் விசாரிக்கணும்."

"நக்கோ, சும்மா இரு. அந்தப் பொண்ணு பொய் சொல்லலை. ஒவ்வொரு ஸ்விட்சா அணைக்கிறவ பந்தலைப் பிரிக்க மாட்டா."

"அத ரிப்போர்ட்டுல எழுத முடியாது மேடம். வக்கீலு சிரிப்பாரு. வேற ஆள் வேணும்."

வேறு ஆள் கால் மணி நேரத்தில் கிடைத்தான். நூர், வாங்கிக்கொண்ட அனுமதியோடு ஒவ்வொருவர் தட்டிய வரிகளையும் மேய்ந்துகொண்டிருந்தவன், ஒரு இடத்தில் நின்றான். அனிருத் என்கிற பையன், சாருலதாவுக்கு அடுத்த மேஜைக்காரன், வெள்ளிக்கிழமை மத்தியானம் 'ப்ரூன்' என்று ஒன்று தட்டியிருந்தான்.

"அது என்னது?"

"ஒண்ணொண்ணா அழிக்கதுக்குப் பதிலா மொத்தமாக் கூட்டிப் பெருக்குதது. ஒரு தடவ கேக்கும், நிச்சயமாவான்னு. ஒய்-னு தட்டுனா..."

வசந்தகுமாரி மீதியைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குற்றவாளி தானாக வந்து ஒப்புக்கொள்ளாமல் அகப்பட்டிருக்கிறான். அவள் ஹால் நடுவில் போய் நின்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கும் வரை தொண்டையைச் செருமினாள்.

"அனிருத், வெள்ளிக்கிழமை மத்தியானம் மொத்தமாப் பெருக்கினது நீதானே?"

"அவுனு ஆன்ட்டி," என்று ஒத்துக்கொண்டான் அவன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வாயில் எது வருகிறதோ அது. "எவ்ரி ஃப்ரைடே பண்ணுவேன்."

"பந்தலையும் சேர்த்துப் பெருக்கிட்டே."

"காது ஆன்ட்டி, அப்படி இல்லே. ப்ரூன் போட்டா, நின்னு கிடக்கிற டப்பா மட்டும்தான் போகும். ஓடிட்டிருக்கிறதைத் தொடாது. பந்தல் ஓடிட்டிருந்தது. ஈவினிங்கூட போலாரம் ஹால்ல ஒரு சீமந்தம் புக் ஆச்சு. சாருக்கே எஸ்எம்எஸ் வந்தது."

கிருஷ்ணபிரசாத் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஹாலில் எங்கோ ஒருத்தர் இருமலாக மாற்றிக்கொண்ட சிரிப்பு கேட்டது. இடுப்பில் வைத்த கையை எங்கே வைப்பது என்று வசந்தகுமாரிக்குத் தெரியவில்லை.

"மீதி வாக்கியம் அதுதான் மேடம்," என்றான் நூர், அவளைச் சமையல் மூலைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து. "ஓடுறதத் தொடாதுன்னு சொல்லதுக்குள்ள கெளம்பிட்டிய. ஆனா அந்தக் கைய இடுப்புல வச்சிய பாருங்க, அது நல்லாருந்துச்சு."

யாரோ இன்னொரு காபி கொண்டுவந்து வைத்தார்கள். வேலை செய்கிற எல்லாரும் அந்தப் பக்கமாகத்தான் தண்ணீர் பிடிக்க வந்தார்கள், வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கோப்பையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மறைந்துகொள்ள அந்த ஆபீஸில் வேறு இடம் இல்லை.

மூக்குக்கு முன்னால் வெள்ளை எழுத்துகள் நின்றன. படிக்கும் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தாள். செய்ய வேறு எதுவும் இல்லாததாலும், முகத்தை இறக்க மனம் வராததாலும், கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து எழுத்துக் கூட்டினாள்.

docker run -d --rm --name pandal

"நூர்."

"சொல்லுங்க மேடம்."

"இதுலயும் ஆர் எம்னு ரெண்டு எழுத்து இருக்கு. நாம தேடற ஆர் எம் இதுதானா, இல்ல இது சும்மா அழகுக்கா?"

நூர் முகமது கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கினான். ஒருமுறை படித்தான். காபியோடு அதைச் சாய்த்து இன்னொரு முறை படித்தான்.

"என்னப்பா, தப்பாக் கேட்டுட்டேனா?"

"இல்ல மேடம்." அவன் குரல் இறங்கியிருந்தது. "இந்த ரெண்டு எழுத்த அழிக்கும்போதுதான் போடணும்னு இல்ல. தொடங்கும்போதே சேத்துப் போடலாம். அப்படிப் போட்டா, நீ என்னைக்கு நிக்கியோ அன்னைக்கே ஒன்ன நீயே அழிச்சுக்கோன்னு அர்த்தம். சும்மா கொஞ்ச நேரம் ஓட்டிப் பாக்கதுக்குப் போடுவாவ."

"அப்ப அந்தப் பொண்ணு லைட்டைத்தான் அணைச்சா."

"ஆமா. லைட்டு அணைஞ்சதும் பந்தல் தானாப் பிரிஞ்சு போயிட்டு. அதான் யாரு தட்டுனதுலயும் ஆர்எம் இல்ல. நானும் காலைலேந்து இதே கப்புல ரெண்டு டீ குடிச்சிருக்கேன் மேடம். என்னைய எதுக்கு வேலைய விட்டு அனுப்புனாவன்னு இப்பத்தான் புரியுது."

எல்லாரும் பந்தல் செத்த இடத்திலேயே குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். பிறந்த இடத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அது தினம் மூன்று வேளை எல்லார் உதட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

வக்கீல் வந்துவிட்டிருந்தார். கிருஷ்ணபிரசாத்தின் அறையில் கம்ப்ளெயின்ட் காகிதம் தயாராக இருந்தது. சாருலதாவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். வசந்தகுமாரி உள்ளே போய், இம்முறை இடுப்பில் கையை வைக்காமல், கோப்பையை மேஜை மேல் வைத்தாள்.

"சார், ஒரு சின்ன உதவி. இந்த வரியை உங்க கையாலயே இன்னொரு தடவை தட்டுங்க. பேரு மட்டும் பந்தலுக்குப் பதிலா வசந்தான்னு போடுங்க."

"எதுக்கு மேடம்?"

"என் பேர்ல ஒரு டப்பா இருக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

பைத்தியங்களிடம் காட்டுகிற பொறுமையோடு அவர் தட்டினார். திரையில் வசந்தா வந்தாள். ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று போட்டிருந்தது. வாழ்நாளில் அவளைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை.

"இப்போ சாருலதா செஞ்ச மாதிரி ஸ்டாப் மட்டும் பண்ணுங்க. வேற எதுவும் வேண்டாம்."

ஸ்டாப் தட்டினார்.

"நின்னுபோன டப்பாக்களோட பட்டியலைக் காட்டுங்க சார்," என்றான் நூர்.

பட்டியல் வந்தது. நின்றுபோன டப்பாக்கள் நாலைந்து இருந்தன. வசந்தா இல்லை. கிருஷ்ணபிரசாத் மறுபடி தட்டினார். மறுபடியும் இல்லை. அவர் பார்வை திரையிலிருந்து இறங்கிக் கோப்பைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வரியை எழுதியவரே அவர்தான்.

"டெமோ முடிஞ்சா குப்பை மிஞ்சக்கூடாதுன்னு எப்பவும் போடுவேன்," என்றார் மெல்ல. "அந்த ஹால்காரருக்கு டெமோ பிடிச்சுப்போச்சு. மறுநாளே புக்கிங் போட ஆரம்பிச்சிட்டார். அப்புறம் அடுத்த ஹால். அடுத்த ஹால். மாத்தணும்னு தோணவே இல்லே."

வக்கீல் கம்ப்ளெயின்ட் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். குற்றவாளியே கட்சிக்காரராக இருக்கும்போது என்ன பேசுவது என்று அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை போலிருந்தது.

"மேடம்," என்றார் கிருஷ்ணபிரசாத், யாரையும் பார்க்காமல். "ரிப்போர்ட்ல, தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிடலாமா?"

வசந்தகுமாரிக்குச் சட்டென்று கோபம் வந்தது. நல்ல கட்சிக்காரர், காபி கொடுக்கிறவர், வருஷத்துக்கு ஒரு மாப்பிள்ளையாவது விசாரிக்கத் தருகிறவர். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பெண் கண்ணாடி அறைக்குள் ஊர் பார்க்க உட்கார்ந்திருந்தாள்.

"எழுதலாம் சார். பக்கத்துல அந்தக் கோப்பையோட போட்டோவையும் ஒட்டிடறேன்."

கிருஷ்ணபிரசாத் எழுந்து ஹாலுக்குப் போனார். எல்லாரையும் கூப்பிட்டார். சாருலதா எந்தத் தப்பும் செய்யவில்லை, தப்பு தன் கையால் நடந்தது என்று தெலுங்கில் ஒரு தடவையும், அவள் முகத்தைப் பார்த்துத் தமிழில் ஒரு தடவையும் சொன்னார். "மன்னிச்சிடும்மா" என்று முடித்தார். அந்த மனிதரைப் பற்றி இன்னொரு தடவை விசாரிக்கச் சொன்னால் யோக்கியன் என்றே எழுதலாம் என்று வசந்தகுமாரிக்குப் பட்டது.

சாருலதா அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டேட்டா திரும்பி வராது சார். ஆனா புக்கிங் ஆகும்போதெல்லாம் ஹால் மேனேஜருக்கு எஸ்எம்எஸ் போயிருக்கு. ஒவ்வொருத்தரா போன் பண்ணிக் கேட்டு மறுபடி ஏத்தணும். எனக்கு நோட்டீஸ் பீரியட் இன்னும் இருக்கு, நான் பாதியைப் பார்க்கறேன். போலாரம் ஹால்காரர் மட்டும் ரொம்பத் திட்டறார். அவர்கிட்ட நீங்க பேசுங்க சார்."

கிருஷ்ணபிரசாத் மறுபேச்சில்லாமல் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். போலாரத்துக்காரர் திட்டுவது போனைத் தாண்டிப் பாதி ஹாலுக்குக் கேட்டது.

"ஜெயிச்சிட்டோம் மேடம்," என்றான் நூர். "ஆனா கட்சிக்காரரே மாட்டிக்கிட்டாரு. இப்படி நாலு கேஸு ஜெயிச்சா கார் ஷெட்டுலயும் நமக்கு எடம் இருக்காது."

எல்லாரும் போனும் கையுமாக அவரவர் மேஜைக்குப் போய்விட்டார்கள். வசந்தகுமாரி கைப்பையை எடுக்கக் கிருஷ்ணபிரசாத்தின் அறைக்குத் திரும்பினாள். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக ஸ்விட்ச் போர்டுக்குப் போனது. போன கை, பாதி வழியில் நின்றது.

அவள் கதவு வழியாகத் தலையை நீட்டினாள்.

"சாருலதா, இதை அணைக்கலாமாம்மா? எதுவும் காணாமப் போயிடாதே?"

சாருலதா காதிலிருந்து போனை எடுத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"தைரியமா அணைங்க ஆன்ட்டி. அது எலக்ட்ரீஷியன் போட்டது, சார் போட்டதில்லை."